சிறுநீரக நோயாளியின் அரிப்பு தொற்றாது: ஒதுக்கி வைக்க எவருக்கும் உரிமை இல்லை



சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு உடம்பெங்கும் அரிப்பு எடுக்கும். தோல் வறண்டு செதில் செதிலாக உதிரும். நிறம் கறுக்கும். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. குளிக்காததால் வந்ததும் அல்ல, செய்வினையும் அல்ல. உள்ளே இரண்டு சிறுநீரகங்களும் தம் வேலையைச் செய்ய முடியாமல் போனதால் வெளியே தோல் படும் பாடு இது.

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள தென்னந்தோட்டங்களிலும் கொப்பரா வாடிகளிலும் தும்பு மில்களிலும் உப்பளங்களிலும் உழைக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தெரியாத காரணத்தால் நோயாளிகளுக்கு இழைக்கப்படும் அநியாயம் கொஞ்சமல்ல.

கொப்பரா வாடியில் வேலை செய்யும் பெண்ணின் கையில் சொறிந்த தழும்பைக் கண்டால், "சாப்பாட்டுச் சாமானில் கை வைக்காதே" என்று வெளியே அனுப்புகிறார்கள். தேங்காய் உரிப்பவர் இரவெல்லாம் சொறிந்து தூக்கமில்லாமல் காலையில் பிந்தி வந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பவர்கள் பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் விடுவதில்லை. முன்னேஸ்வரத் திருவிழாவுக்கோ, தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கோ, கந்தூரிக்கோ போனால் பக்கத்தில் உட்கார ஆளில்லை. நோயோடு போராடும் மனிதரை ஊரும் சேர்ந்து தண்டிப்பதை எமது சங்கம் ஏற்றுக்கொள்ளாது.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

சிறுநீரகத்தின் வேலை சிறுநீர் பிரிப்பது மட்டுமல்ல. இரத்தத்தில் சேரும் கழிவை வெளியேற்றுகிறது. உடம்பிலுள்ள உப்புகளைச் சமப்படுத்துகிறது. இரத்தம் ஊறுவதற்குத் தேவையான ஹோர்மோனைச் சுரக்கிறது. இந்த வேலைகள் நின்றால் கழிவு தேங்குகிறது. எலும்போடு சம்பந்தப்பட்ட பொஸ்பேட் கூடுகிறது. வியர்வைச் சுரப்பிகள் சுருங்கித் தோல் காய்கிறது. நரம்புகள் அரிப்புச் செய்தியை ஓயாமல் மூளைக்கு அனுப்பத் தொடங்குகின்றன. காரணம் ஒன்றல்ல, பல சேர்ந்தது. அதனால்தான் ஒரே மருந்தில் எல்லோருக்கும் குணமாவதில்லை.

இந்த அரிப்பு பெரும்பாலும் முதுகில் அதிகம். கை, தலை, வயிறு என்று பரவும். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இரவில் கூடும், புழுக்கத்தில் கூடும். ஆரம்பத்தில் தோலில் ஒன்றுமே தெரியாது. சொறிந்து சொறிந்துதான் கீறலும் புண்ணும் தடித்த முடிச்சும் உண்டாகின்றன.

சிரங்கு வேறு. அது சிறு பூச்சியால் வருவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிறு கொப்புளம் தெரியும். ஒருவருக்கு வந்தால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் வரும். எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். நெருக்கமான லயக் காம்பராக்களில் சிரங்கு வருவதும் உண்மைதான். சிறுநீரக நோயாளிக்கும் சிரங்கு வரலாம். ஆகவே எது என்று வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். தோட்டத்துரையோ கங்காணியோ அடுத்த வீட்டாரோ முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிப்பு உள்ள எல்லோருக்கும் சிறுநீரக நோய் என்று பயப்படத் தேவையில்லை. இந்த அரிப்பு பொதுவாக நோய் முற்றிய பிறகே வருகிறது. நோயை முன்கூட்டியே பிடிக்க வேண்டுமானால் அரிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களும் பிரஷர் உள்ளவர்களும் வருடத்துக்கு ஒரு முறையாவது இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு வைத்தியம் செய்யும் கேடு

அரிப்பு என்றால் "உடம்புச் சூடு" என்பது எங்கள் வழக்கம். சூட்டுக்கு இளநீர் என்பதும் வழக்கம். தென்னந்தோட்டத்தில் இளநீருக்குக் குறைவில்லை. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீர் ஆபத்தானது. ஒரு கோப்பை இளநீரில் சுமார் 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடலாம். அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீரால் உயிரே போகலாம் என்பதை வீட்டிலுள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும். காமரங்காயும் அப்படியே. சிறுநீரக நோயாளிக்கு அது நஞ்சு.

அடுத்தது ஃபார்மசியில் கேட்டு வாங்கும் மாத்திரை. தடுமலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மாத்திரையை அரிப்புக்கும் கொடுக்கிறார்கள். சிறுநீரக அரிப்பில் அது பெரிதாக உதவுவதில்லை. தூக்க மயக்கத்தைத்தான் தருகிறது. மயக்கத்தோடு மரம் ஏறுபவரையும், கூரான இரும்பில் தேங்காய் குத்தி உரிப்பவரையும் நினைத்துப் பாருங்கள். உடம்பு வலிக்கென்று டைக்குளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது மீதியிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மூன்றாவது கிறீம். சிறுநீரக நோயில் முகமும் கையும் கறுப்பது சகஜம். வெயில் படும் இடத்தில் அது கூடுதலாகத் தெரியும். அதை மறைக்க வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிப் பூசுகிறார்கள். சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையே தாக்கும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் உள்ள சிறுநீரக வைத்தியர்கள் இதைக் கண்டறிந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகை நோயோடு வந்த 22 பேரை அவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பாவித்தவர்கள். பெயர், விலாசம், உள்ளடக்கம் எதுவும் ஒழுங்காக அச்சிடாத கிறீமைச் சந்தையில் கண்டால் வாங்காதீர்கள். சுகமானவர்களின் சிறுநீரகத்தையே கெடுப்பதை நோயாளி பூசலாமா?

அரிப்பைக் குறைக்க நாமே செய்யக்கூடியது எளிமையானது, மலிவானது. கொதிநீர் வேண்டாம், சாதாரண நீரில் சுருக்கமாகக் குளிக்கலாம். காரமான சோப்பையும் கிருமிநாசினி ஊற்றிக் குளிப்பதையும் விட வேண்டும். துவட்டியவுடன் தோல் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வைத்தியர் தரும் மணமில்லாத கிறீமோ பூச வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். தளர்வான பருத்தி உடுப்பு நல்லது.

கிளினிக்கில் வாய் திறக்க வேண்டும்

டயலிசிஸ் செய்யும் நோயாளிகளின் அரிப்பைப் பற்றி 2012 முதல் 2015 வரை 17 நாடுகளில் 6,256 பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 37 சதவீதத்தினர் அரிப்பால் மிதமாகவோ கடுமையாகவோ அவதிப்பட்டார்கள். எந்நேரமும் அரிப்பு உள்ளவர்களிலேயே 17 சதவீதத்தினர் அதை எந்த வைத்திய ஊழியரிடமும் சொல்லியிருக்கவில்லை. தங்கள் பிரிவில் இத்தனை பேருக்கு அரிப்பு இருக்கிறது என்பதைப் பொறுப்பு வைத்தியர்களில் 69 சதவீதத்தினர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். நோயாளி சொல்வதில்லை, வைத்தியர் கேட்பதில்லை. வசதியான நாடுகளிலேயே இந்த நிலை என்றால், விடிய முன்னம் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, ஒரு நிமிடம் டொக்டரைப் பார்த்துவிட்டு வரும் எங்கள் மக்களின் நிலை என்ன?

"இதெல்லாம் ஒரு வருத்தமா, டொக்டர் ஏசுவார்" என்று எங்கள் ஆட்கள் தயங்குகிறார்கள். ஏசினாலும் சொல்லுங்கள். அரிப்பு கடுமையாக உள்ள நோயாளிகளுக்குத் தூக்கம் கெடுவதும், மனச்சோர்வு வருவதும், இறப்பு ஆபத்துக் கூடுவதும் பெரிய ஆய்வுகளில் தெரியவந்த உண்மைகள். சின்ன விஷயம் என்று விடத்தக்கது அல்ல.

சொன்னால் செய்யக்கூடியவை இருக்கின்றன. இரத்தத்தில் பொஸ்பேட்டைப் பார்ப்பார்கள். கூடியிருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தருவார்கள். அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் விழுங்கினால் பயனில்லை. பலர் இது தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரையை வீணாக்குகிறார்கள். கருவாடும் நெத்தலியும் எங்கள் கரையில் தினச் சாப்பாடு. அவற்றில் உப்பும் பொஸ்பேட்டும் அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். கறுப்புக் கோலா பானங்களையும் டின்னில் அடைத்த இறைச்சியையும் தவிர்க்க வேண்டும்.

டயலிசிஸ் செய்பவர்கள் ஒரு தவணையையும் விடக்கூடாது. வாரத்தில் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். ஒரு நாள் தவறினால் கழிவு தேங்கி அரிப்பும் ஏறும். இவ்வளவுக்கும் அடங்காத அரிப்புக்குக் கபாபென்டின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். புற ஊதா ஒளிச் சிகிச்சையும் உண்டு. ஆனால் கபாபென்டினைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு தப்பினால் மயக்கமும் தடுமாற்றமும் வரும்.

அரிப்பைத் தவிர வேறு மாற்றங்களும் கவனிக்க வேண்டியவை. உதடும் கண்ணின் உட்புறமும் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது, அதற்கு மருந்து உண்டு. இலேசாகத் தட்டுப்பட்டாலே தோல் கன்றிப்போவதும் இந்த நோயின் குணம். டயலிசிஸுக்காகக் கையில் வைத்திருக்கும் இரத்தக்குழாய் இணைப்பின் மேல் சிவப்பு, சூடு, சீழ், வீக்கம் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் பிரஷர் பார்க்கவும் விடக்கூடாது. தொடையிலோ வயிற்றிலோ தாங்க முடியாத வலியோடு கருநீலத் தடிப்பு வந்து புண்ணானால் அது ஆபத்தான அறிகுறி, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு தென்னங்கரையின் பாடம்

எங்கள் கரையைப் போலவே தென்னையும் மணலும் கடற்காற்றும் உள்ள இடம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் கடலோரமாக உள்ள உத்தானம் பகுதி அது. தென்னையும் முந்திரியும் அங்கே பிழைப்பு. அங்கே தோட்டங்களிலும் வயல்களிலும் உழைக்கும் மக்களைச் சிறுநீரக நோய் பல வருடங்களாகத் தின்றுவருகிறது. காரணம் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. எமது நாட்டின் வடமத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து மக்களை வாட்டும் சிறுநீரக நோய்க்கும் அப்படித்தான்: வெப்பம், தண்ணீர், விவசாய இரசாயனம் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன.

காரணம் தெரியும்வரை உத்தானம் மக்கள் கைகட்டி இருக்கவில்லை. தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். டயலிசிஸ் நோயாளிகளுக்கான மாத ஓய்வூதியம் 10,000 இந்திய ரூபாவாக உயர்ந்தது. ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாகக் குடிநீர் வந்தது. 2023 டிசெம்பரில் பலாசாவில் 200 கட்டில்களுடன் சிறுநீரக ஆராய்ச்சி நிலையமும் வைத்தியசாலையும் திறக்கப்பட்டன. எமது நாட்டிலும் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கான தேசிய விசேட வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது. நோயாளிகள் ஒளிந்திருந்த காலத்தில் இவை எதுவும் வரவில்லை.

எங்கள் கரையில் நோயாளி ஒளிந்திருக்கக் காரணம் தோல்தான். தழும்பைக் கண்டு ஒதுக்குவார்கள் என்ற பயத்தில் நீட்டுக் கைச் சட்டை போட்டு மறைக்கிறார்கள். வேலை போய்விடும் என்று கிளினிக் கொப்பியை மறைக்கிறார்கள். மறைந்திருப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாதவர்களுக்கு எந்த வசதியும் வருவதில்லை. ஆகவே அரிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதைச் சங்கத்தின் வேலையாகவே நாம் கருதுகிறோம்.

எமது கோரிக்கைகள்

தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது:

1. வைத்தியரின் எழுத்து இல்லாமல் தோலைக் காரணம் காட்டி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.
2. கிளினிக் நாளுக்கும் டயலிசிஸ் நாளுக்கும் லீவு கொடுக்க வேண்டும், அந்த நாட்களைக் காட்டி பெயர் வெட்டக் கூடாது.
3. சிறுநீரக நோயாளிக்கு வெயிலும் பாரமும் இல்லாத இலேசான வேலை கொடுக்க வேண்டும்.
4. எல்லாத் தொழிலாளருக்கும் வேலைத்தலத்தில் சுத்தமான குடிநீரும் நிழலும் நேரத்துக்கு ஓய்வும் வேண்டும். நிக்கரகுவாவில் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்குத் தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது. உப்பளத்திலும் தென்னந்தோட்டத்திலும் அடிக்கும் வெயில் அதற்குக் குறைந்ததல்ல.

சுகாதாரத் துறையிடம் நாம் கேட்பது: சிறுநீரகக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் "அரிப்பு இருக்கிறதா, தூக்கம் வருகிறதா" என்று தமிழில் கேட்டு எழுத வேண்டும். தோலுக்கான கிறீமை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொல்லாமல் வைத்தியசாலையிலேயே தர வேண்டும். தோட்டங்களுக்கு வந்து இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். குடிக்கும் கிணற்று நீரையும் சோதித்து முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். கற்பிட்டியின் மணல் நிலத்தில் நிலத்தடி நீரில் நைட்ரேட் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

நோயாளிக் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவு மாதம் 7,500 ரூபாவாக இருந்து 2025இல் 10,000 ரூபாவாக்கப்பட்டது. இதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் பிரதியோடு கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் சான்றளித்தால், ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வருமுன்பே ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். "வருத்தக்காரர்தானே, இதில் கையெழுத்து வையுங்கள்" என்று யாராவது கடுதாசி நீட்டினால், சங்கப் பிரதிநிதியிடம் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

கடைசியாக எங்கள் சொந்த உறுப்பினர்களுக்கு. லயத்தில் சிறுநீரக நோயாளி இருந்தால் அவருடைய கையைப் பிடியுங்கள், அவர் தரும் தேத்தண்ணியைக் குடியுங்கள், பிள்ளைகளை அந்த வீட்டில் விளையாட விடுங்கள். எதுவும் தொற்றாது. முதுகுக்கு எண்ணெய் பூச அவருக்குக் கை எட்டாது, வீட்டிலுள்ளவர்கள் பூசி விடுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்துப் பேச வேண்டும். டயலிசிஸுக்குப் போகிறவர்கள் யார், துணைக்குப் போக ஆளிருக்கிறதா, பஸ் காசு இருக்கிறதா, கொடுப்பனவு வருகிறதா என்று நோயாளியின் சம்மதத்தோடு விசாரித்துத் தலைமைச் செயலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். தோலைக் காட்டி வேலை மறுக்கப்பட்டவர் எவராவது இருந்தால் திகதியோடு எழுதுங்கள். அந்த முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவது எமது பொறுப்பு.